இணைப்பு ஏழு

1

"ஈச், எவ்ரிவன், எனிபடி, சம்வன், நோபடி ஆகிய சொற்கள் எத்தனை பேரை உள்ளடக்கினாலும், அவை எழுவாயாக வரும்போது வினை ஒருமையிலேயே அமையும்." முப்பத்திரண்டு வருடங்கள் நான் ஆங்கில வகுப்புக் கரும்பலகையில் எழுதிய விதி இது. எங்கள் ஊரான சாய்ந்தமருதிலும் பக்கத்துக் கல்முனையிலும் இதை வாசிக்கும் சிலருக்கு அந்தக் கரும்பலகையும் என் பிரம்பும் நினைவிருக்கலாம். பிரம்புக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விதிக்காக அல்ல.

இன்னொரு விதியும் உண்டு. அது நான் எழுதியதல்ல. நான் இப்போது வாழும் நாட்டின் குடிவரவுக் காரியாலயம் தன் வழிகாட்டிக் குறிப்பில் அச்சிட்டிருப்பது: "ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே பரிசீலிக்கப்படும்." ஆங்கிலத்தில் 'ஈச் அப்ளிகேஷன் இஸ்' என்றுதான் தொடங்குகிறது. 'ஆர்' இல்லை, 'இஸ்'. பரீட்சைத் தாளாக இருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பேன். அந்த வாக்கியத்தை எழுதியவருக்கும் அதை நடைமுறைப்படுத்த வேண்டியவருக்கும் இடையே என்றைக்காவது ஒரு பேச்சுவார்த்தை நடந்திருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. என் ஆவணக் கோவை இன்னும் அவர்களிடம் இருக்கிறது. கோவையைக் கையில் வைத்திருப்பவரோடு பகைக்கக் கூடாது என்பது, வலயக் கல்விக் காரியாலயத்தில் ஆங்கில ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது. குளிர் நாடு, கடல் இல்லாத நகரம், மூத்த மகள் ரிஸானாவின் வீடு, மாடியில் எங்களுக்கு ஓர் அறை. இவ்வளவும் போதும். எங்களுக்கு என்றால் எனக்கும் என் மனைவி சபியாவுக்கும். வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது.

2

மூன்று வருடம் முடியும்போது தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ரிஸானா வேலைக்குப் புறப்படும் அவசரத்தில், "வாப்பா, ஒன்லைன்ல அனுப்பினா பத்து நிமிசம்" என்றாள். தாளில் அனுப்பவும் வழி இருந்தது. வாழ்நாள் முழுவதும் அரசாங்கச் சுற்றுநிருபத் தாள்களோடு குடித்தனம் நடத்தியவனுக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செப்டெம்பரில் மூன்று நாட்கள் உட்கார்ந்து தயாரித்தேன். முகப்புக் கடிதம், அடிக்கோடிட்ட தலைப்பு, இணைப்புகளின் பட்டியல், ஒவ்வோர் இணைப்பின் வலது மூலையிலும் இலக்கம். எல்லாவற்றையும் அடுக்கி, இடது மூலையில் துளையிட்டு, பச்சை நூலால் கோர்த்தேன். நம் அரசாங்கக் கந்தோர்களில் கோவை கட்டுவோமே, இரு முனையிலும் சின்னத் தகடு வைத்த அதே நூல். ஊரிலிருந்து ஒரு கட்டு கொண்டு வந்திருந்தேன். சபியா கருவாடு கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் கருவாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நூலை விட்டுவிட்டார்கள்.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்து, "இனி ஒரு எழுத்திலயும் பிழை பிடிக்க ஏலா" என்றேன்.

"என்டதும் அனுப்பினீங்களா?" என்று சபியா கேட்டாள்.

"ரெண்டும் ஒண்டாத்தான் போயிருக்கு."

நவம்பரில் எனக்கு அனுமதி வந்தது. அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மறுக்கப்பட்டது என்றுகூட வரவில்லை.

அவளுக்கு அது வந்தே ஆக வேண்டியிருந்தது. சாய்ந்தமருதில் எங்கள் இளைய மகள் பஸ்லியா தலைப்பிள்ளைக்காகக் காத்திருந்தாள். ஜனவரி கடைசியில் நாள். ஆனால் காரியாலயத்தின் அதே குறிப்பில் வேறொரு வரியும் இருந்தது: முடிவு கிடைக்குமுன் நாட்டைவிட்டு வெளியேறுபவரின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். கடிதம் வராமல் சபியா விமானம் ஏறினால் திரும்பி வரும் வழி அடைபடும். ரிஸானாவையும் பேத்தி நுஹாவையும் இனித் தொலைபேசிக் கண்ணாடிக்குள்தான் பார்க்கலாம்.

3

தொலைபேசி எடுத்தேன். இயந்திரக் குரல் முதலில் வந்தது. நோபடி இஸ் அவேலபிள் என்றது. ஒருமை வினை, சரி. நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒரு பெண் வந்தார். மிக மரியாதையான குரல்.

"உங்கள் விண்ணப்பம் முடிந்துவிட்டதே, ஐயா."

"என்னுடையது முடிந்தது. என் மனைவியுடையது?"

"எங்கள் பதிவில் இருப்பது ஒரு விண்ணப்பம்தான்."

"இரண்டு படிவங்கள் அனுப்பினேன். பதிவுத் தபால் துண்டு என்னிடம் இருக்கிறது."

"அது ஓர் உறைக்கான துண்டு, ஐயா. யாராவது பார்த்து உங்களைத் தொடர்புகொள்வார்கள்."

சம்வன். அந்தச் சொல்லை நான் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருப்பேன்! சம்வன் இஸ் அட் த டோர். வாசலில் யாரோ நிற்கிறார். கதவைத் திறந்தால் ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும், அதுதான் அந்த ஒருமையின் பொருள் என்று வகுப்பில் சொல்வேன். இந்தக் காரியாலயத்தின் சம்வன் எந்த வாசலிலும் நிற்காதவர். அவருக்குப் பெயர் இல்லை, மேசை இல்லை, பதவி இல்லை. நம் ஊர்க் கந்தோரில் வேலை நடக்காவிட்டாலும், நடக்காமல் செய்தவர் இன்னார் என்று தெரியும். அவருடைய மச்சான் யார், எந்தப் பள்ளியில் தொழுகிறார் என்பதுகூடத் தெரியும். கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இருந்தது.

சபியா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டு கேட்டாள்: "என்னவாம்?"

"யாரோ ஒருவர் கதைப்பாராம்."

"அவருக்குப் பேரில்லயா?"

"இல்ல."

"பேரில்லாத ஆளுட்ட என்ட பேரக் குடுத்து வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்தாள்.

முதலாவது நினைவூட்டல் கடிதத்தை அன்று எழுதினேன். இரண்டு கிழமை கழித்து இரண்டாவது. பின் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டேன். இவை எதற்கும் பதில் இல்லை.

4

மூன்றாவது கடிதத்தைப் பதினான்கு வயது நுஹா தட்டச்சு செய்து தந்தாள். என்னோடு அவள் ஆங்கிலத்தில்தான் பேசுகிறாள். தமிழ், அவளுக்கு உம்மா கோபப்படும்போது மட்டும் வீட்டுக்கு வரும் மொழி. 'எவ்ரிவன் ஹேஸ் ஹிஸ் ரைட்' என்று நான் எழுதியிருந்ததை அவள் 'எவ்ரிவன் ஹேஸ் தெயர் ரைட்' என்று மாற்றியிருந்தாள்.

"நுஹா, எவ்ரிவன் ஒருமை. தெயர் பன்மை. இதென்ன?"

"மூத்தாப்பா, இப்ப ஒருத்தரும் ஹிஸ் எழுதமாட்டாங்க. அப்ப மூத்தும்மா எவ்ரிவன் இல்லையா?"

"வினையை ஒருமையில வெச்சிட்டு, பின்னால பன்மை போட்டா அது மனிசன் பேசுற பேச்சா?"

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். பிறகு தன் முறிந்த தமிழிலேயே சொன்னாள்: "மூத்தும்மா உங்களச் சொல்றது 'அவங்க சாப்பிட்டாங்க' எண்டு. நீங்க எத்தின பேர்?"

பரீட்சை மேற்பார்வையாளர்களையும் பணிப்பாளர்களையும் வாயடைக்கச் செய்தவன் நான். 'தெயர்' அப்படியே போனது. அந்தக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை என்பதால், இலக்கணம் தடையாக இருக்கவில்லை என்று மட்டும் நிரூபணமானது.

5

டிசம்பரில் ரயிலேறி நேரே காரியாலயத்துக்குப் போனேன். சபியாவும் வந்தாள். வாசலில் பெரிய பதாகை: எவ்ரிவன் இஸ் வெல்கம். உள்ளே வரிசை இலக்கம் எடுக்க ஓர் இயந்திரம், அந்த இயந்திரத்துக்கு ஒரு வரிசை. எங்கள் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த இளைஞர் நல்ல மனிதர். கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதோ இருக்கிறது, ஐயா. உங்கள் மனைவியின் படிவம் உங்கள் விண்ணப்பத்துக்குள் இருக்கிறது. துணை ஆவணமாக."

"அது துணை ஆவணம் அல்ல. விண்ணப்பம். கடவுச்சீட்டு இலக்கம், கையொப்பம், புகைப்படம் எல்லாம் இருக்கிறதே."

"ஆமாம். ஆனால் ஒரே கட்டாக வந்திருக்கிறது. உங்கள் பட்டியலைப் பாருங்கள்."

பார்த்தேன். என் கையெழுத்து. இணைப்பு ஒன்று, கடவுச்சீட்டுப் பிரதி. இணைப்பு இரண்டு, விவாகப் பதிவுச் சான்றிதழ். இப்படியே போய், இணைப்பு ஆறு, மகளின் உறுதிக் கடிதம். இணைப்பு ஏழு: மனைவியின் விண்ணப்பம். திரையின் மூலையில், வருடி எடுத்த படத்திலும் அந்தப் பச்சை நூல் தெளிவாகத் தெரிந்தது.

குடும்பத்தின் தாள் எல்லாவற்றையும் குடும்பத் தலைவரின் கடிதத்துக்குக் கீழே கோர்ப்பதுதான் நம் கந்தோர்களின் வழக்கம். ஆசிரியர் இடமாற்றம் கேட்டால் அதன் பின்னால் மனைவி, பிள்ளைகள், மாமியாரின் நோய்ச் சான்றிதழ் எல்லாம் ஒரே நூலில் தொங்கும். தனித்தனியாக அனுப்பினால்தான் அங்கே காணாமல் போகும். இங்கே சேர்த்து அனுப்பியதால் காணாமல் போயிருக்கிறாள்.

"மூன்று மாதமாக இதை ஒருவரும் திறந்து பார்க்கவில்லையா?" என்றேன்.

"துணை ஆவணங்களை முழுதாக வாசிப்பதில்லை, ஐயா."

"ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே என்று உங்கள் குறிப்பு சொல்கிறதே. மூன்று கடிதம் எழுதினேனே."

"பிரித்து எடுக்கக் கோரிக்கை போடுகிறேன். யாராவது உங்களைத் தொடர்புகொள்வார்கள்."

சபியாவுக்கு ஆங்கிலம் பேச வராது, விளங்கும். முப்பது வருடம் நான் வீட்டில் நடத்திய வகுப்புகளைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டவள். வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடத்தில், கையுறையைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இஞ்ச பாருங்க. நான் உங்கட இணைப்பா?"

நான் பேருந்து நேர அட்டவணையை வாசிக்கத் தொடங்கினேன்.

"ஏழாவதா? மகள்ட கடிதத்துக்கும் பின்னாலயா?"

"அது ஒரு ஒழுங்கு…"

"நீங்க ஆருட வீட்ட வந்தீங்க?"

6

அந்தக் கேள்வியின் எடையை இந்த நாட்டில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்கு விளங்கும். நம் கரையில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். கலியாணத்தன்று நான் ஒரு தகரப் பெட்டியும் இரண்டு ஆங்கில அகராதியும் கொண்டு சபியாவின் வீட்டுக்குப் போனேன். பிறகு முப்பத்தைந்து வருடம் அவளுடைய கூரையின் கீழ்தான் இருந்தேன். அந்த முற்றத்தில் என் கதிரை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அவளும் அவளுடைய உம்மாவும். அந்த வீடுதான் இப்போது பஸ்லியாவுடையது. அந்த வீட்டில் யாராவது பட்டியல் போட்டிருந்தால், இணைப்பு நான்தான்.

இங்கே வந்து, படிவத்தில் 'முதன்மை விண்ணப்பதாரர்' என்ற கட்டத்தைக் கண்டதும், ஒரு கணமும் யோசிக்காமல் என் பெயரை எழுதினேன். என்னைக் கேட்காமலே என் கை எழுதியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சுனாமிக்குப் பிறகு பாடசாலை மீண்டும் திறந்த கிழமை, மேலிடத்திலிருந்து வந்த ஒரு படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு விழுந்தது. இழந்த மாணவர் தொகை என்று ஒரேயொரு கட்டம். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, பின்னால் தனித் தாள்களில் பெயர்களை எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு பிள்ளை. வகுப்பு, வாப்பாவின் பெயர், வீட்டு இலக்கம். முகாமைத்துவ உதவியாளர், "சேர், தொகையப் போட்டாப் போதுமே" என்று கெஞ்சினார். "ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரி" என்றேன். படிவம் இரண்டு தரம் திரும்பி வந்தது. இரண்டு தரமும் அப்படியே அனுப்பினேன். அந்தப் பிடிவாதத்தில் எனக்கு இன்றுவரை ஒரு பெருமை உண்டு.

அதே மனிதன் தன் மனைவியை நூலில் கோர்த்து ஏழாம் இலக்கம் போட்டிருக்கிறான். காரியாலயத்தின் மீது எனக்கு இருக்கும் ஆத்திரம் இதனால் குறையவில்லை. திறந்து பார்க்க வேண்டியது அவர்களுடைய கடமை. பதில் எழுத வேண்டியது அவர்களுடைய கடமை. ஆனால் ஆத்திரத்தில் ஒரு பங்கை வீட்டுக்கும் எடுத்து வர வேண்டியிருந்தது.

7

ஜனவரி வந்தது. பஸ்லியா ஒவ்வொரு நாளும் அழைத்தாள்.

"உம்மா, எப்ப வாறீங்க?"

"கடிதம் வந்த உடன வாறன் மகள்."

"வாப்பாக்கு வந்திட்டுதானே. உங்களுக்கு ஏன் வரல்ல?"

"வாப்பாட கடிதத்துக்குள்ளதான் நான் இரிக்கன். தேடுறாங்களாம்."

பஸ்லியா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அழுகையாக மாறியது. மூச்சை இழுத்துக்கொண்டு, "உம்மா, புள்ள பெத்த பொறகு சரக்கு அரைக்கவும் தலைக்குத் தண்ணி வார்க்கவும் மாமிமார் வருவாங்க. அது பிரச்சினை இல்ல. எனக்குப் பயமா இரிக்கி" என்றாள்.

அன்று பின்னேரம் சபியா மாடியிலிருந்து தன் பெட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள். ரிஸானா வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உம்மா, இப்ப போனா திரும்பி வர ஏலாது. தெரியும்தானே?"

"தெரியும். உங்கட வாப்பா அந்த வரிய எனக்கு நாலு தரம் வாசிச்சிக் காட்டியிரிக்கார்."

"நானும் உங்கட மகள்தானே உம்மா."

சபியா பெட்டியை வைத்துவிட்டு அவளுடைய கன்னத்தைத் தடவினாள். "ஓம் என்ட கிளி. உனக்கு நுஹா பொறக்கக்குள்ள நான் இஞ்ச வந்து நிண்டன். இனி உன்ட தங்கச்சிட்டப் போகணும். அவளுக்கு உம்மா ஒராள்தான். இந்த நாட்டுக்கு ஆக்கள் கனக்க."

நான் கடைசி முயற்சியாக, "இன்னும் ஒரு கிழமை பார்ப்பம். நாலாவது நினைவூட்டல் போட்டிரிக்கன்" என்றேன்.

"புள்ளைக்கு நினைவூட்டல் போட்டு நிப்பாட்ட ஏலுமா?"

"அப்ப நானும் வாறன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"நீங்க இரிங்க. ரிஸானா ராவு வேலைக்குப் போனா நுஹாவோட வீட்டில ஒராள் வேணும். கடிதம் வந்தா வாங்குறதுக்கும் ஒராள் வேணும்தானே."

விமான நிலையத்தில் நுஹா தன் மூத்தும்மாவை விடவே இல்லை. ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதாள். சபியா தமிழில் ஏதோ சொல்லிச் சொல்லி முதுகைத் தடவினாள். இருவரும் மற்றவர் சொன்னதை எவ்வளவு விளங்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க என்னை ஒருவரும் கேட்கவில்லை. பாதுகாப்புப் பரிசோதனைக்குள் போகுமுன் அவள் கைப்பையைத் திறந்து, தன் கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்த பச்சை நூலை அவிழ்த்து என் கையில் தந்தாள்.

8

பெப்ரவரி முதலாம் திகதி பஸ்லியாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சபியா பக்கத்தில் நின்றாள். குழந்தையின் காதில் பாங்கு சொல்ல மருமகன் தடுமாறியபோது, அவள்தான் மெல்ல எடுத்துக் கொடுத்தாளாம். பாட்டனாராகிய நான் தொலைபேசியில் கேட்டேன்.

அதன்பிறகு என் நாட்கள் ஒரே மாதிரிதான். விடிய எழும்பித் தொழுவேன். நுஹாவுக்குப் பாண் வாட்டி வெண்ணெய் பூசிக் கொடுப்பேன். பத்து மணிக்குத் தபால்காரர் வருவார். கதவின் கீழ்த் துவாரத்தில் தாள் விழும் சத்தத்துக்கு இறங்கிப் போவேன். பெரும்பாலும் பீட்சா விளம்பரம். மாலையில் நுஹா தானாகவே வந்து பக்கத்தில் இருந்து, ஊருக்கு அழைக்கச் சொல்வாள். மூத்தும்மாவோடு கதைப்பதற்காகத் தமிழில் நாலு வாக்கியம் எழுதி வைத்திருப்பாள். நான் அவற்றைத் திருத்துவதில்லை.

பதில் வந்தபோது சபியா போய் ஏழு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது. நீண்ட வெள்ளை உறை. என் பெயர் இல்லை. முதன்முறையாக அவளுடைய பெயர் மட்டும். சமையலறை மேசையில் வைத்து, கத்தியால் ஓரத்தை நேராகக் கீறித் திறந்தேன். அவளுடைய விண்ணப்பம் வேறாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. அதற்கென்று சொந்தமாக ஓர் இலக்கம் தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே பரிசீலிக்கப்படும் என்பதை மீண்டும் உறுதி செய்கிறோம். முடிவு எட்டப்படும்வரை விண்ணப்பதாரர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார். ஏதும் கேள்வி இருந்தால் யாராவது உதவுவார்கள். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை.

இரண்டு தரம் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை.

அப்போது தொலைபேசி அடித்தது. படத்தில் எங்கள் கிணற்றடி தெரிந்தது. பஸ்லியா பேறுகாலம் முடிக்கும் நாற்பதுக் குளிப்புக் குளித்து, ஈரத் தலையோடு, புதுச் சேலையில் வெளியே வந்து நின்றாள். சபியா குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்தாங்க, உங்கட பேரன். இண்டைக்கு நாற்பது. சாப்பிட்டீங்களா? கடிதம் ஏதும் வந்திச்சா?"

"ஓம், வந்திச்சு" என்றேன்.

"என்னவாம்?"

"உன்ன ஊருக்குப் போக வேணாமாம்."

அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு அழத் தொடங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடந்தாள். படத்தில் வானமும் முருங்கை மரமும் மாறி மாறி ஆடின. நான் பேனாவை எடுத்து, முப்பத்திரண்டு வருடப் பழக்கத்தில், கடிதத்தின் வலது மேல் மூலையில் சிறிதாக எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன்.

கிடைத்த திகதி: மார்ச் பன்னிரண்டு.